புணையும் துடுப்பும்

புறநானூற்றின் 192ஆம் பாடலைப் பாடியவர் கணியன் பூங்குன்றனார். அதன் தொடக்கத்தை அறியாத தமிழர் இல்லை. தமிழகத்திற்கு வெளியே வாழும் நாம் எடுக்கும் விழாக்களில், வரவேற்புரை ஆற்றுவோர் அவ்வடியைச் சொல்லாமல் அமர்வதில்லை. எல்லா ஊரும் நம் ஊரே, எல்லோரும் நம் உறவினரே என்னும் கருத்து, பிறந்த மண்ணை விட்டு வந்தவர்க்கு ஆறுதலும் பெருமிதமும் ஒருங்கே தருவது. ஆயினும் அப்பாடல் அவ்வடியோடு முடிந்துவிடவில்லை. நன்மையும் தீமையும் பிறர் தருவதால் வருவன அல்ல என்று புலவர் அடுத்துக் கூறுகிறார். பின்னர், மலையில் மழை பொழிய, பாறைகளில் மோதி ஒலித்துக்கொண்டு ஓடும் பேராற்றில் அந்நீரின் போக்கிலேயே செல்லும் புணையைப் போல, உயிர் தன் முறைவழியே செல்லும் என்கிறார். நம் வாழ்வுக்கு நாமே பொறுப்பு என்பது ஒரு கூற்று. நாம் ஆற்றோடு போகும் தெப்பம் என்பது மற்றொரு கூற்று. இரண்டும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன.

கணியன் என்னும் சொல் நாளும் கோளும் கணித்துச் சொல்வோனைக் குறிக்கும். எல்லா ஊரையும் தம் ஊராகக் கண்ட புலவரின் பெயரிலேயே கணக்கு அமைந்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால், மக்கள் ஊர்விட்டு ஊர் செல்வதையும் ஒரு கூட்டத்தின் கருத்து உருவாவதையும் கணிதத்தால் விளக்கிக் காட்டும் ஓர் அறிவுத்துறை இன்று வளர்ந்திருக்கிறது. அதன் ஒளியில் அப்பழைய வினா புதிய வடிவில் நம் முன் வந்து நிற்கிறது. நாம் செல்வதும் நாம் நினைப்பதும் கணக்கில் அடங்குமாயின், அவற்றுக்கு நாம் பொறுப்பாவது எங்ஙனம்?

இவ்வினாவை நான் ஏட்டளவில் எழுப்பவில்லை. தில்லிக்கு நான் வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. "ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டவர்க்கெல்லாம், "நானே முடிவு செய்து வந்தேன்" என்றுதான் இதுநாள் வரை விடை சொல்லி வந்திருக்கிறேன். அந்த விடை எவ்வளவு உண்மை என்பதை முதுமையில் எண்ணிப் பார்க்கத் தலைப்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

ஆற்றின் கணக்கு

இங்கிலாந்தில் வாழ்ந்த ஜெர்மானியரான ரேவன்ஸ்டைன் என்னும் நிலநூல் அறிஞர், 1881ஆம் ஆண்டின் குடிமதிப்பை ஆராய்ந்து, 1885இல் 'குடிபெயர்வின் விதிகள்' என்னும் கட்டுரையை வெளியிட்டார். பெயர்வோரில் பெரும்பாலோர் குறுகிய தொலைவே செல்கின்றனர். நெடுந்தொலைவு செல்வோர் பெரிய வணிக நகரங்களையும் தொழில் நகரங்களையும் நாடுகின்றனர். ஒரு திசையில் பெருக்கு உண்டாயின் எதிர்த்திசையிலும் ஒரு சிறு பெருக்கு உண்டாகிறது. குறுந்தொலைவுப் பெயர்வில் ஆண்களினும் பெண்களே மிகுதி. இவை அவர் கண்ட விதிகளுட் சில. மக்கள் தத்தம் விருப்பப்படி அங்குமிங்கும் செல்வதாகத் தோன்றினாலும், மேலிருந்து பார்ப்பவர்க்கு அது ஒழுங்குடைய நீரோட்டமாகத் தெரிகிறது என்பதே அவர் காட்டிய புதுமை.

1946இல் அமெரிக்க மொழியறிஞர் ஜார்ஜ் ஜிப்ஃப் இதனை ஒரு வாய்பாடாகவே சுருக்கினார். இரு நகரங்களின் மக்கள்தொகைகளைப் பெருக்கி, இடையிலுள்ள தொலைவால் வகுத்தால், அவற்றுக்கிடையே நிகழும் போக்குவரத்தின் அளவு ஏறத்தாழப் புலப்படும் என்றார். ஞாயிறும் கோள்களும் ஒன்றையொன்று ஈர்ப்பது போல ஊர்களும் மனிதரை ஈர்க்கின்றன என்பது இதன் கருத்து. பின்வந்தோர் இதைப் பலவாறு திருத்தினர். வருமானத்தையும் வேலைவாய்ப்பையும் முன்னரே சென்று குடியேறியவர் தொகையையும் கணக்கிற் சேர்த்தனர். எனினும் அடிப்படை எண்ணம் இன்றும் நிலைத்திருக்கிறது.

நம் நாட்டிலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது. மைய அரசின் 2016-17ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை, முன்பதிவில்லாத இரயில் பயணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு, 2011 முதல் 2016 வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்ததாக மதிப்பிட்டது. தொலைவு மிக மிகப் பெயர்வு குறைகிறது என்பதை அதுவும் கண்டது. அதே வேளையில், மொழி வேறுபாடு இப்பெயர்வுக்குப் பெருந்தடையாகத் தென்படவில்லை என்றும் கூறியது. 2001ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நம் நாட்டில் இடம் பெயர்ந்தோர் ஏறத்தாழ 31 கோடியினர். 2011இல் அத்தொகை 45 கோடியைக் கடந்தது. அவருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பெயர்ந்ததற்குத் தலையாய காரணம் திருமணம்.

இனி என் கதைக்கு வருகிறேன். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த நான், 1973இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து புதுதில்லி நிலையத்தில் வந்து இறங்கினேன். கையில் ஒரு தகரப்பெட்டி. சட்டைப்பையில் ஒரு முகவரி. அம்முகவரி, எங்கள் ஊரிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு முன் வந்திருந்த என் ஒன்றுவிட்ட அத்தானுடையது. அவர் பம்பாய்க்குச் சென்றிருந்தால் நானும் பம்பாய்க்கே சென்றிருப்பேன். மைய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் அவர் எழுதிய கடிதத்தால்தான். பின்னர் 1985க்குள் எங்கள் ஊரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த பதினொருவர், கரோல்பாக்கில் மொட்டை மாடி மீதிருந்த என் பர்சாத்தி அறையின் தரையில் படுத்துறங்கித் தம் தில்லி வாழ்வைத் தொடங்கினர். நான் ஒரு சங்கிலியின் கண்ணி. அச்சங்கிலியை அறிந்தவர், நான் புறப்படுமுன்பே நான் செல்லும் திசையைச் சொல்லியிருக்கக் கூடும்.

ஒருநாள் இதை என் மனைவியிடம் சொன்னேன். "நீங்களாவது முடிவு செய்ததாக நினைத்துக்கொண்டு வந்தீர்கள். எனக்கு அந்த நினைப்புக்கூடக் கிடைக்கவில்லை. தாலி ஏறிய பத்தாம் நாள் இரயில் ஏறினேன்" என்றாள். குடிமதிப்புப் பட்டியலில் திருமணம் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிய கோடிக்கணக்கான பெண்களின் குரலாக அது என் காதில் விழுந்தது.

முடிவு யாருடையது?

மனிதர் செயல்களில் காணப்படும் இவ்வொழுங்கு, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே சிந்தனையாளரைக் கலக்கியது. பெல்ஜிய நாட்டு வானியல் அறிஞர் கெத்தலே, 1835இல் வெளியிட்ட நூலில், குற்றங்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறாமல் நிற்பதை எடுத்துக்காட்டினார். வருகின்ற ஆண்டில் இத்தனை குற்றங்கள் நிகழும் என்று முன்னரே சொல்லக்கூடுமாயின், குற்றவாளி என்பவன் யார்? குற்றம் அவனுடையதா, அவனைப் பெற்ற சமுதாயத்தினுடையதா? இவ்வினா அன்று பெரும் வாதங்களை எழுப்பியது.

இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. கணக்கு எத்தனை பேர் என்று சொல்லும். யார் யார் என்று சொல்லாது. எங்கள் வட்டாரத்திலிருந்து அவ்வாண்டு சிலர் தில்லி செல்வர் என்று வாய்பாடு கூறலாம். அச்சிலருள் நான் ஒருவன் என்று அது கூறாது. ஆதலின் என் விடுதலைக்குக் குறைவில்லை என்று அமைதி கொள்ளலாம். ஆனால் இவ்விடை எனக்கு நிறைவு தரவில்லை. யார் என்பது கணக்கறிந்தவருக்குத் தெரியவில்லை என்பதனாலேயே நான் விடுதலை உடையவன் ஆகிவிடுவேனா? பிறருடைய அறியாமை என் உரிமை ஆகாது. நாளை இன்னும் நுட்பமான கணக்கு வந்து, பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் என் விடுதலை அன்றே பறந்துவிடுமா?

ஆழ்ந்து நோக்குமிடத்து, காரணம் இருப்பதனால் மட்டும் ஒரு முடிவு நம்முடையது அல்லாமற் போவதில்லை என்பது விளங்கும். காரணமே இல்லாத முடிவு பித்தனின் முடிவு. தந்தையின் கடன், தங்கையின் திருமணம், அத்தானின் கடிதம் ஆகியவை என்னைத் தள்ளின என்றால், அவை என் தந்தை, என் தங்கை, என் அத்தான் என்பதனால்தான் தள்ளின. அவற்றுக்குச் செவிசாய்த்தவன் நான். ஆதலின் முடிவு என்னுடையதே. ஆனால் என்னுடையது மட்டும் அன்று. முடிவைச் சொத்தாகக் கருதும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஒருவருக்கு உரியது மற்றவருக்கு இல்லை என்று எண்ணுகிறோம். உண்மையில் அது கூட்டுக்குடும்பத்து வீடு போன்றது. பலருக்கும் அதில் பங்குண்டு. எனினும் கூரை ஒழுகினால், உள்ளே இருப்பவன்தான் ஏறிப் பார்க்க வேண்டும்.

இவ்வாறு காணும்போது பொறுப்பு குறைவதில்லை, செருக்குத்தான் குறைகிறது. புணையின் உவமையைச் சொன்ன புலவர், அதிலிருந்து பெற்ற முடிவு என்ன? பெரியோரை வியவாமையும், அதனினும் மேலாகச் சிறியோரை இகழாமையும் ஆகும். ஆற்றின் போக்கை அறிந்தவர், முன்னே செல்லும் தெப்பத்தைக் கண்டு மருளவும் மாட்டார். கரையோரம் தேங்கி நின்ற தெப்பத்தை எள்ளவும் மாட்டார். நானோ பல ஆண்டுகள் எள்ளியிருக்கிறேன். ஊரிலேயே தங்கிவிட்ட என் தம்பியைத் துணிவில்லாதவன் என்று எண்ணியிருக்கிறேன். அவன் தங்கி, பெற்றோரைக் காத்ததனால்தான் நான் கவலையின்றி வர முடிந்தது என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

இன்னும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குச் சென்றிருந்தபோது, உணவு விடுதியில் எங்களுக்கு இலை போட்டவன் பீகாரிலிருந்து வந்த இளைஞன். எங்கும் இவர்களே வந்து நிறைந்துவிட்டார்கள், நம் ஊர் நம் ஊராக இல்லை என்று உடனிருந்த உறவினர் சலித்துக்கொண்டார். அச்சொற்களை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 1973இல், இந்தியில், என்னைப் பற்றிக் கேட்டேன். தெற்கே செல்லும் ஓட்டமும் வடக்கே வந்த ஓட்டமும் ஒரே விதியில் அடங்குவன. நாம் வந்தபோது உரிமை என்றும், பிறர் வரும்போது படையெடுப்பு என்றும் பெயரிடுவோமாயின், கணக்கும் அதற்கு இடம் தராது. அறமும் இடம் தராது.

நூறு பேரும் ஓர் எண்ணும்

இடம் பெயர்வதில் உள்ள ஒழுங்கைப் போலவே கருத்து உருவாவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்கச் சமூகவியலார் மார்க் கிரானோவெட்டர் 1978இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதனைக் காட்டினார். அக்கணக்கைப் பள்ளிச் சிறுவரும் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு திடலில் நூறு பேர் கூடியிருக்கின்றனர். கலகம் மூளுமா என்பது வினா. ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஓர் எண் இருப்பதாகக் கொள்வோம். தமக்கு முன் எத்தனை பேர் இறங்கினால் தாமும் இறங்குவார் என்பதே அவ்வெண். ஒருவருடைய எண் சுழி. அவர் யாரையும் எதிர்பாராமல் முதற்கல்லை எறிவார். அடுத்தவர் எண் ஒன்று. அதற்கடுத்தவர் எண் இரண்டு. இவ்வாறே தொண்ணூற்றொன்பது வரை. சுழி எண்ணுடையவர் கல்லெறிந்ததும் ஒன்று எண்ணுடையவர் சேர்கிறார். இருவரைக் கண்டு மூன்றாமவர் சேர்கிறார். முடிவில் நூறு பேரும் கலகக்காரர் ஆகின்றனர்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். ஒன்று எண்ணுடையவரை நீக்கி, இரண்டு எண்ணுடைய ஒருவரை அவ்விடத்தில் நிறுத்துவோம். முதலாமவர் கல்லெறிகிறார். ஒருவரைக் கண்டு சேர்பவர் எவரும் இல்லை. அவ்வளவில் முடிந்தது. தொண்ணூற்றொன்பது பேர் அமைதியாக வீடு திரும்புகின்றனர். மறுநாள் செய்தித்தாளைப் படிப்பவர், முதற்கூட்டத்தை வெறியர் கூட்டம் என்பர். இரண்டாம் கூட்டத்தைப் பண்புடையோர் கூட்டம் என்பர். இரண்டு கூட்டங்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரே ஒருவருடைய உள்ளத்தில் ஓர் எண்ணே.

ஒரு கூட்டத்தின் செயலைக் கண்டு அக்கூட்டத்தாரின் உள்ளத்தை அளந்துவிடலாகாது என்பது இதனால் பெறப்படும் பாடம். ஊரார் கருத்து என்று நாம் அஞ்சுவது, பல வேளைகளில் ஊராரில் எவருடைய கருத்தும் அன்று. அவரவர் மற்றவரைப் பார்த்துக் காத்திருந்ததன் விளைவே அது.

ஒரு கூட்டம்

இக்கணக்கைப் படித்தபோது எனக்கு உறக்கம் கெட்டது. அதற்குக் காரணமான நிகழ்ச்சியை ஈண்டு ஒளியாமல் எழுதுகிறேன்.

1993ஆம் ஆண்டின் தொடக்கம். யமுனைக்குக் கிழக்கே கூட்டுறவு முறையில் கட்டிய எங்கள் குடியிருப்பில் தமிழரும் பஞ்சாபியரும் வங்காளியரும் கலந்து வாழ்ந்தோம். மூன்றாம் மாடியில் ஒரு வீடு காலியாயிற்று. வேற்றுச் சமயத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் குடும்பத்தோடு வாடகைக்கு வர விரும்பினார். வீட்டின் உரிமையாளர் வெளியூரில் இருந்தமையால், குடியிருப்போர் கருத்தைக் கேட்டுச் சொல்லுமாறு செயலாளருக்கு எழுதியிருந்தார். முந்திய டிசம்பரில் நாடு கண்ட கலவரங்களின் நினைவு ஆறாத நேரம். கூட்டத்திற்கு இருபத்து மூவர் வந்திருந்தோம். இன்றுள்ள சூழ்நிலையில் எதற்கு வம்பு, எல்லோருடைய நலத்தையும் முன்னிட்டு வேண்டாம் என்று விடலாமே என்றார் ஒருவர். அவர் கெட்டவர் அல்லர், அஞ்சியவர். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பேசாமையை இசைவு என்று குறித்துக்கொண்டார் செயலாளர். கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

அடுத்த சில வாரங்களில், காய்கறி வாங்கும் இடத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் பேசிக்கொண்டிருந்தபோது, அன்று வாய்திறவாதவருள் ஏழு பேர் என்னிடம் தனித்தனியே ஒன்றையே சொன்னார்கள். தங்களுக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. மற்றவர்கள் விரும்பவில்லை போலிருக்கிறதே என்று பேசாமல் இருந்துவிட்டோம் என்பதே அது. நான் எட்டாமவன். வேறு ஒருவர் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். கிரானோவெட்டரின் மொழியில் சொன்னால், அன்று என் எண் ஒன்று. அறையில் சுழி எண்ணுடையவர் இல்லை. ஆதலால் ஒன்று எண்ணுடைய நானும் கல்லாய் அமர்ந்திருந்தேன்.

செயலாளரைக் கண்டு திரும்பும் வழியில் படிக்கட்டில் என்னைச் சந்தித்த அவ்வாசிரியர், "கோயி பாத் நஹீ, பாயி சாஹப்" என்று சொல்லிச் சென்றார். பரவாயில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பரவாயில்லாமற் போகவில்லை. ஏனெனில் இருபது ஆண்டுகளுக்கு முன் அதே நிலையில் நான் நின்றிருக்கிறேன். மதராசிகளுக்கு வீடு கொடுத்தால் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்வார்கள், பிறகு காலி செய்ய மாட்டார்கள் என்று கரோல்பாக் தெருவொன்றில் கதவுகள் மூடின. அத்தெருவில் ஒரு முதியவர் மட்டும், அண்டை வீட்டார் முணுமுணுத்ததைப் பொருட்படுத்தாமல் தம் மொட்டை மாடி அறையை எனக்குக் கொடுத்தார். அவர் 1947இல் லாயல்பூரிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்தவர். அவருடைய எண் சுழி. நான் இந்நகரில் வேரூன்றியதும், எனக்குப்பின் பதினொருவர் வந்ததும் அந்தச் சுழியினால்தான். அவரிடம் பெற்ற கடனைத் திருப்பித் தரவேண்டிய நாளில் நான் வாய்மூடி இருந்தேன்.

சாலமன் ஆஷ் என்னும் உளவியலார் 1950களில் செய்த ஆய்வுகள் இந்த வாய்மூடலை அளந்து காட்டின. மூன்று கோடுகளுள் எது, காட்டப்பட்ட கோட்டுக்குச் சமம் என்று கேட்டார். விடை கண்கூடு. ஆனால் உடனிருந்தோர் அனைவரும் முன்னேற்பாட்டின்படி தவறான விடையையே ஒருமுகமாகச் சொன்னபோது, ஆய்வுக்கு வந்தவர் தந்த விடைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அத்தவற்றையே பின்பற்றியது. ஆனால் உடனிருந்தோருள் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னாலும் போதும். அத்தவறுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. ஒரு துணை போதும். கண் கண்டதை வாய் சொல்லத் துணிகிறது.

தீயவர் இல்லாத தீமை

தாமஸ் ஷெல்லிங் என்னும் பொருளியலார் 1971இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. கட்டமிட்ட பலகையில் இருவகை நாணயங்களைக் கலந்து பரப்பினார். ஒவ்வொரு நாணயமும் ஒரு குடும்பம். சுற்றியுள்ள அண்டை வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேனும் தன் இனத்தார் இருந்தால் போதும் என்று அது அமைதி கொள்கிறது. இல்லையேல் வேறிடம் தேடுகிறது. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. பிற இனத்தாரே அண்டையில் மிகுந்திருப்பதையும் ஏற்கின்றனர். ஆயினும் நாணயங்களை நகர்த்திக்கொண்டே போனால், பலகை இரு பெரும் திரள்களாகப் பிரிந்துவிடுகிறது. ஒருவர் பெயர்ந்தால் அவர் விட்டுச்சென்ற இடத்தில் சமநிலை குலைகிறது. அதனால் இன்னொருவர் பெயர்கிறார். எவரும் விரும்பாத பிரிவினை எல்லோருடைய சிறு விருப்பங்களாலும் உண்டாகிவிடுகிறது.

சட்டத்தாலும் பணத்தாலும் வன்முறையாலும் திட்டமிட்டுச் செய்யப்படும் ஒதுக்குதலை இக்கணக்கு விளக்க வரவில்லை. அவற்றைத் தாம் ஒதுக்கி வைத்தே ஆராய்வதாக ஷெல்லிங்கே கூறினார். உலகில் தீயவரே இல்லை என்று காட்டுவது அவர் நோக்கம் அன்று. தீயவர் இல்லாமலும் தீமை விளையக்கூடும் என்பதே அவர் காட்டியது.

நம்மவர் வாழும் பகுதிகளை எண்ணிப் பாருங்கள். கோவிலுக்கு அருகில், தமிழ்ப் பள்ளிக்கு அருகில், முருங்கைக்காயும் காப்பித்தூளும் கிடைக்கும் கடைக்கு அருகில் வீடு தேடுகிறோம். அதில் குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. மொழி அறியாத ஊரில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு, பக்கத்து வீட்டில் தமிழ் பேசும் ஓர் அம்மாள் இருப்பது எத்தகைய துணை என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். சங்கங்கள் தோன்றியதும் அந்த ஏக்கத்தால்தான். ஆயினும் குற்றமற்ற விருப்பங்களும் கூடும்போது ஒரு மதிலை எழுப்பிவிடக் கூடும் என்பதை அறிந்தபின், மதிலை நான் கட்டவில்லை என்று மட்டும் சொல்லி ஒதுங்க இயலாது. நான் ஒரு செங்கல் வைத்தேன், அது சிறியது, அது என்னுடையது. எல்லோரும் சிறிது சிறிதாகச் செய்த தவற்றில் எவருக்கும் பங்கில்லை என்று முடிவு கட்டினால், உலகின் பெருந்தவறுகளுள் பெரும்பாலானவை ஆளற்ற தவறுகளாகவே போய்விடும்.

துடுப்பு

இதுகாறும் கூறியதற்கு மறுப்பு ஒன்று எழலாம். இருபத்து மூவரில் ஒருவன் பேசுவதால் ஆவது என்ன? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதைக் கணக்கே சொல்கிறது. உண்மை. எண்கள் வேறு விதமாய் அமைந்திருந்தால் என் சொல் அறையில் எழுந்து அறையிலேயே அடங்கியிருக்கும். ஆனால் பேசுமுன் பிறர் எண்கள் எவருக்கும் தெரியா. தன் சொல் வீணான முதற்கல்லா, நூறு பேரை எழுப்பும் முதற்குரலா என்பதை அறியாமலே மனிதன் பேச வேண்டியிருக்கிறது. பயன் உறுதி என்றால் பேச அறம் வேண்டுவதில்லை, வணிகம் போதும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. கிரானோவெட்டரின் கணக்குக்கு நன்மை தீமை தெரியாது. வாய்மைக்கு முதற்குரல் கொடுப்பவனும் சுழி. வன்முறைக்கு முதற்கல் எறிபவனும் சுழி. ஆதலின் துணிவு ஒன்றே அறம் ஆகாது. பிறருக்குத் தீங்கு செய்யும் கூட்டத்தில் சேர நம் எண் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஒருவருக்கு நியாயம் கேட்க வேண்டிய இடத்தில் அது சுழியாக இருக்கட்டும். அங்கு நூறும் இங்கு சுழியுமாக வாழ்வது அரிது. நம்மில் பலர் தலைகீழாக வாழ்கிறோம்: வசைக்கு ஒருவர் முன்வந்தால் உடன் சேர்கிறோம், நியாயத்திற்கு ஊரே திரளட்டும் என்று காத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் கல்வியுள் இவ்விரு எண்களையும் நேராக்குவதும் ஒன்றாக வேண்டும்.

மனிதரைப் பற்றிய கணிப்பில், விண்மீன்களைப் பற்றிய கணிப்பில் இல்லாத ஓர் இயல்பும் உண்டு. கிரகணம் எப்போது என்று சொல்வதனால் கிரகணம் மாறுவதில்லை. மனிதரிடம் சொல்லப்படும் கணிப்போ அவர்கள் நடத்தையையே மாற்றக் கூடும். ஒரு வங்கி நொடிக்கும் என்று பலர் நம்பினால், அந்நம்பிக்கையாலேயே அது நொடித்துப் போகும் என்பதை இராபர்ட் மெர்ட்டன் 1948இல் எடுத்துக்காட்டினார். அப்படியாயின், நாம் கூட்டத்தின் போக்கில் செல்பவர் என்னும் செய்தியும், அதைக் கேட்டவரை ஒரு கணம் நிறுத்தக் கூடும் அன்றோ? என் எண் ஒன்று என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, அது ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் எனக்கு இல்லை.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் மீண்டும் ஒரு கூட்டம். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து படிக்க வரும் மாணவர்க்கு வீடு வாடகைக்குத் தருவதில்லை என்று விதி செய்யலாம் என ஒருவர் முன்மொழிந்தார். வழக்கமான அமைதி சூழ்ந்தது. நான் எழுந்தேன். முழங்கால் வலியால் எழுவதற்குச் சற்று நேரமாயிற்று. சொன்னதும் அழகாக அமையவில்லை. நானும் இந்நகருக்கு ஒரு பெட்டியோடு வந்தவன், எனக்கு ஒருவர் அறை கொடுத்தார், இவ்விதி அன்று இருந்திருந்தால் நான் இங்கே இல்லை என்று மட்டும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் தமக்கும் அவ்விதி பிடிக்கவில்லை என்றார். மூன்றாமவர் ஒருவர் தலையசைத்தார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது, அவ்வளவே. அடுத்த கூட்டத்தில் அது மீண்டும் வரலாம். அதற்கும் செல்வேன்.

பூங்குன்றனார் தம் பாட்டில் துடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றின் வலிமையை அறிந்தவர், துடுப்பால் ஆற்றைத் திருப்பலாம் என்று ஏமாற்ற விரும்பியிருக்க மாட்டார். ஆயினும், உயிர் புணைபோற் செல்லும் என்று தெளிந்த பின்னர் அவர் வாளா இருந்துவிடவில்லை. சிறியோரை இகழமாட்டோம் என்று உறுதி சொன்னார். ஆறு தம்மை எங்குக் கொண்டு செல்லினும், உடன் மிதக்கும் பிற புணைகளை எவ்வாறு நோக்குவது என்பதைத் தாமே முடிவு செய்தார். அந்த உறுதியே துடுப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லா ஊரும் நம் ஊர் என்று விழாமேடையில் முழங்குவது நமக்கு எளிது. நம் மாடிப்படியில் பெட்டியோடு ஏறி வரும் புதியவருக்கும் இது அவருடைய ஊர் என்று, எவரும் சொல்லாதபோது எழுந்து சொல்வதே நாம் அப்பாட்டுக்குச் செலுத்தும் கடன்.